மகளின் விருப்பப் பட்டியல்

அந்த வருடம் மே மாதம் முழுவதும் என் கால்கள் வீங்கியே இருந்தன. தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்குக் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றோடு பத்துப் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, ரத்தம் எடுத்து, குப்பியில் பெயர் ஒட்டி முடிக்கப் பதினோரு மணி ஆகிவிடும். அதுவரை உட்கார முடியாது. மற்ற வருடங்களில் மத்தியானம் கிடைக்கிற ஓய்வில் உள்ளறை பெஞ்சில் கொஞ்சம் காலை நீட்டிக்கொள்வேன். அந்த மே மாதத்தில் அரைநாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஒரு பழக்கடை நிழலில் என் மகள் நின்றிருப்பாள். இரண்டு பேரும் பஸ் ஏறி ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போவோம்.

அவள் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு யார் அதைப் பற்றிக் கேட்டாலும், முடிந்துபோன விஷயத்தை எதற்குக் கிளறுகிறீர்கள் என்பதுபோல் பார்ப்பாள்.

இது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் கணவர் மண்ணச்சநல்லூர்க்காரர். அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றி வரும் லாரிகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் தொழில் கற்றவர். மகளுக்கு நாலு வயதானபோது மஸ்கட்டுக்குப் போனார். ஊருக்கு வெளியே, பெரிய லாரிகளும் மண் அள்ளும் இயந்திரங்களும் வந்து நிற்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் போன்தான். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்பதால், மகள் ஸ்கூல் விட்டு வந்ததும் வீடியோவில் கூப்பிடுவார். சாப்பிட்டியா, படிச்சியா என்று கேட்பார். அவள் 'ம்' என்பாள். அதோடு பேச்சு தீர்ந்துபோகும். போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவாள். திரையில் அவர் முகம் அப்படியே நிற்கும்.

அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஆளில்லாத ஒர்க்‌ஷாப்புக்குள் நடந்துகொண்டே பேசினார். பின்னால் ஒரு லாரி இன்ஜின் மேல்பகுதி கழற்றிக் கிடந்தது.

"அது என்னப்பா, ஓட்டை ஓட்டையா இருக்கு?" என்றாள்.

அவர் போனை அதன் அருகே கொண்டுபோனார். பிஸ்டன் எப்படி மேலே போகும், எப்படிக் கீழே வரும், டீசல் எங்கே வந்து தெளிக்கும் என்று விரலை வைத்துக் காட்டினார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அவளுக்குக் காட்ட ஏதாவது ஒன்றை எடுத்து வைத்திருப்பார். ஒருவாரம் கியர் பாக்ஸ், ஒருவாரம் தேய்ந்துபோன கிளட்ச் தட்டு. அவள் நோட்டில் படம் போட்டு வைத்துக்கொள்வாள். டவுன் பஸ்ஸில் ஏறினால் இன்ஜினுக்குப் பக்கத்து ஸீட்டைத்தான் பிடிப்பாள். சூடு தாங்காமல் நான் பின்னால் போய் உட்காருவேன். இறங்கியதும், "அந்த டிரைவர் கிளட்ச்சிலேர்ந்து காலையே எடுக்கலம்மா. சீக்கிரம் தேஞ்சுடும்" என்பாள், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி.

அதனால் அவள் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கல்லூரிகளில் கேட்டவர்களுக்குத்தான் ஆச்சரியம்.

முதலில் போனது சென்னை நெடுஞ்சாலையில், சமயபுரம் தாண்டி இருந்த ஒரு கல்லூரி. வாசலிலேயே எங்களுக்குத் தண்ணீர் பாட்டிலும், கல்லூரி படம் போட்ட துணிப்பையும் கொடுத்தார்கள். குளிர்சாதன அறையில் டை கட்டிய ஒருவர் மகளின் மார்க்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"என்ன குரூப் மேடம் பார்க்குறீங்க?"

"ஆட்டோமொபைல்ங்க."

"பாப்பாவுக்கா?" என்று கேட்டுவிட்டு, கூட வேறு பையன் யாராவது இருக்கிறார்களா என்று எங்களுக்குப் பின்னால் பார்த்தார். "அதை ரெண்டு வருஷம் முன்னாடியே நிறுத்திட்டோம் மேடம். யாரும் சேரல. இந்த மார்க்குக்கு ஏஐ எடுக்கலாம். டேட்டா சயின்ஸ் எடுக்கலாம். ஹாஸ்டல்ல ஏசி ரூமே இருக்கு."

மகள் துணிப்பையை மேஜை மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அதற்கப்புறம் அந்த மனிதர் ஒரு மாதம் எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்.

இரண்டாவது, முசிறி போகிற சாலையில். பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. அங்கே ஆட்டோமொபைல் பிரிவு இருந்தது, ஆனால் லேப் பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டு மூன்று அறைக்கு அலைந்தோம். கடைசியில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், அங்கே லேப் உதவியாளராம், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு வந்து திறந்தார். உள்ளே குறுக்காக வெட்டி, சிவப்பும் நீலமும் பூசிய ஒரு இன்ஜின் நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இன்னொரு இன்ஜினைப் பார்த்தாள்.

"இது கடைசியா எப்ப ஓடுச்சுங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பரீட்சைக்கு ஓட்டுவோம்மா."

"போன பரீட்சைக்கு ஓடுச்சுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "நீ வேற எடத்துல பாரும்மா" என்று தணிந்த குரலில் சொன்னார். அந்தக் கோடையில் எங்களிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். திரும்பி நடந்து வரும்போது என் செருப்பு வார் அறுந்தது. சூடான தாரில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தேன். அவள் தன் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பு இல்லை. போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது புதுக்கோட்டை சாலையில். பெரிய கட்டடம் இல்லை, டை கட்டியவர்களும் இல்லை. ஆட்டோமொபைல் துறையில் நாலு ஆசிரியர்கள்தான் இருந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் மாணவர்கள் ஏதோ போட்டிக்காகக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு சின்ன வண்டி செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண்ணும் இருந்தாள், கடைசி வருடம். என் மகள் அவளிடம் போய்ப் பேச ஆரம்பித்தாள். நான் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து உறங்கிவிட்டேன். அவள் வந்து தோளைத் தொட்டபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"என்ன சொல்லுச்சு அந்தப் பொண்ணு?"

"டிரஸ் மாத்தறதுக்கு ஒர்க்‌ஷாப்ல இடமே இல்லையாம். லைப்ரரி டாய்லெட்டுக்குத்தான் ஓடணுமாம். வாத்தியார் ஒருத்தர் நல்லா சொல்லித்தருவாராம், ஒருத்தர் வரவே மாட்டாராம். வேலை கிடைக்கறது கஷ்டந்தானாம்." இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இதை லிஸ்ட்ல மூணாவதா போடலாம்மா" என்றாள்.

முதலாவது, சென்னையில் இருக்கும் ஒரு அரசுக் கல்லூரி. இரண்டாவது கோயம்புத்தூரில். சென்னைக் கல்லூரியில் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, போன வருடக் கணக்கைப் பார்த்தால் அவள் மார்க் சரியாக விளிம்பில் இருந்தது.

கவுன்சலிங் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். கல்லூரியையும் பிரிவையும் நமக்கு வேண்டிய வரிசையில் பட்டியலாகப் போட்டுவிட வேண்டும். அவர்கள் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நம் மார்க்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கீழே நாம் என்ன எழுதியிருந்தாலும் அவர்கள் பார்க்க மாட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் பதிவு செய்தோம். அதை நடத்தும் பெண்ணுக்கு என் மகளை ஸ்கூல் நாளிலிருந்தே தெரியும்.

"மேடம், எல்லாரும் நூறு, நூத்தம்பதுன்னு போடுறாங்க. பாப்பா ஒம்பதோட நிறுத்திட்டா" என்றாள் அந்தப் பெண். ஒன்பதும் ஆட்டோமொபைல். பட்டியலைச் சேமித்துவிட்டு வந்தோம். கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அது தானாகப் பூட்டிக்கொள்ளும், அதுவரை மாற்றலாம் என்றாள். மாற்ற ஒன்றும் இல்லை என்றாள் மகள். பாஸ்வேர்டை நான் கைப்பையில் இருந்த டைரியில் எழுதி வைத்தேன். பதிவில் கொடுத்ததும் என் போன் நம்பர்தான்.

அந்த வாரம் என் கணவர் தினமும் மத்தியானத்தில் என்னைக் கூப்பிட்டார். மகளிடம் எதுவும் சொல்லவில்லை, என்னிடம்தான்.

"வேணாங்கல. படிக்கட்டும்" என்று ஆரம்பிப்பார். "ஆனா இங்க புதுசா வர்ற வண்டியெல்லாம் லேப்டாப்பை மாட்டித்தான் பார்க்குறாங்க. நான் மணல்ல கீழ படுத்துக் கெடக்கறேன். போன வாரம் எந்திரிக்கவே ரெண்டு பேரு கை குடுக்க வேண்டியிருந்துச்சு."

"அவ மெக்கானிக் ஆகலங்க, இன்ஜினியர் ஆகறா."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதான் பயமா இருக்கு."

"அப்ப நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

பின்னால் ஏதோ இரும்பை அடிக்கும் சத்தம் கேட்டது. "நான் எப்படிச் சொல்றது? இன்ஜினைக் காட்டுனதே நான்தான். அவ இதைப் படிக்கணும்னு காட்டல. வேற எதைக் காட்டுனாலும் அவ போனை உன்கிட்ட குடுத்துட்டு ஓடிடுவா. நிக்க மாட்டா. அதுக்காகக் காட்டுனேன்." பிறகு, "நீ பார்த்துக்க" என்றார்.

பார்த்துக்க. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், வீடு மாறியபோதும், மகள் பெரியவளானபோதும் அதையே சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டது நான்.

கடைசி நாளன்று மகள் முசிறியில் ஒரு தோழி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். நான் அன்று காலையில் நாற்பது பேருக்கு மேல் ரத்தம் எடுத்திருந்தேன். ஒரு பெரியவருக்கு நரம்பே கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தியும் கிடைக்காமல் அவர் மகன் என்னைத் திட்டினான். பன்னிரண்டரைக்குக் கணவர் கூப்பிட்டார். அதே பேச்சுதான். அதே 'பார்த்துக்க'. போனை வைத்துவிட்டு நான் சாப்பிடப் போகவில்லை. தில்லை நகரிலேயே, என்னை யாருக்கும் தெரியாத ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஸ்ரீரங்கத்துக்கு ஏன் போகவில்லை என்று இப்போது கேட்டால், எனக்கே பதில் தெரியும்.

டைரியைத் திறந்து பாஸ்வேர்டைப் போட்டேன். திருச்சியிலேயே நல்ல பெயர் உள்ள ஒரு கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். அதைப் பத்தாவது வரியாகச் சேர்த்தேன். ஒரு வரியை மேலே தள்ள அதன் பக்கத்தில் அம்புக்குறி இருந்தது. ஒருமுறை அழுத்தினால் ஒரு வரி மேலே போகும். ஒன்பது முறை அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் திரை ஒரு நொடி நின்று நின்று வந்தது. எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். சேமித்தேன். என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதை அழித்தேன்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவள் எதிர்காலம், வேலை, சம்பளம் என்று எதையும் நினைத்ததாக ஞாபகமில்லை. எல்லோரும் சொல்வதை ஒருமுறை கேட்டுவிட்டால் இந்தப் பேச்சு நிற்கும், நான் கொஞ்சம் உட்காரலாம் என்று மட்டும்தான் தோன்றியது. அம்மா நல்லதுக்குத்தான் செய்தாள் என்று பிற்பாடு உறவுக்காரர்கள் சொன்னார்கள். நல்லதுக்கு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் துணி காயப்போடும்போது மாடிக்குப் பின்னாலேயே போனேன். "என்னம்மா?" என்றாள். "கிளிப் போடு, காத்தடிக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எப்படியும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் போய்விடும், அப்படியானால் பட்டியல் தானாக அவள் வரிசைக்கு வந்துவிடும் என்று ஒரு பக்கம் நம்பிக்கொண்டும் இருந்தேன். அதாவது, நானே போட்டது பலிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது ஒரு வேலை நாள், காலை பத்து மணிக்கு. நான் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணே, "பேசுங்கக்கா, பரவால்ல" என்றாள்.

"அம்மா, தப்பா வந்திருக்கு" என்றாள் மகள். மூச்சு வாங்கியது. பிரவுசிங் சென்டருக்கு ஓடியிருக்கிறாள். "கம்ப்யூட்டர் சயின்ஸ்னு போட்டிருக்கு. நான் அந்தக் காலேஜைப் போடவே இல்ல. அக்காவும் பார்த்தாங்க, லிஸ்ட்ல முதல்ல இருக்கு. யாரோ உள்ள போயி மாத்தியிருக்காங்க. கம்ப்ளைன்ட் குடுக்கலாம்னு அக்கா சொல்றாங்க."

அந்தப் பெண்ணின் கையில் பட்டையை அவிழ்த்துவிட்டு நடைபாதைக்கு வந்தேன்.

"யாரும் இல்லடி. நான்தான்."

"நான்தான்னா?"

"நான்தான் மாத்தினேன்."

அவள் பக்கத்தில் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. "எப்ப?"

"கடைசி நாளு. நீ முசிறி போயிருந்தப்ப."

போனை வைத்துவிட்டாள். நான் உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு ரத்தம் எடுத்தேன். ஒரே குத்தில் கிடைத்தது. "வலிக்கவே இல்லக்கா" என்றாள்.

வீட்டுக்குப் போனபோது அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சென்னைக் கல்லூரியில் ஆட்டோமொபைல் யார் யாருக்குக் கிடைத்தது என்ற விவரம் வந்திருந்ததாம். "ரேங்க்ல எனக்குப் பின்னாடி இருக்கற ஆளுக்கு அது போயிருக்கும்மா" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்குச் சமைத்ததை அப்படியே எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார். அவள் போனை எடுத்ததும், "அப்பா, நீங்க சொல்லித்தான் அம்மா மாத்துனாங்களா?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். திரையில் அவர் முகம் என்னைத் தேடியது. நடந்ததை நான் ஏற்கனவே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"ஆமா பாப்பா. நான்தான் சொன்னேன்" என்றார்.

அவள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். "ஏங்க?" என்றேன். "விடு" என்றார். அவரே போனை வைத்தார். அவர் சொன்னது பொய் என்று உடனே மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தப் பொய்க்குப் பின்னால் நின்றுகொண்டேன். நிழல் மாதிரி இருந்தது அது.

கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்கிறோமா, மறுக்கிறோமா என்று இரண்டு நாளில் சொல்ல வேண்டும். மறுத்தால் அடுத்த சுற்றில் மிச்சம் இருப்பதில்தான் தேட முடியும்.

"இதையும் விட்டுட்டு அதுவும் கிடைக்கலேன்னா என்னடி பண்றது?" என்று கேட்டேன்.

"கிடைக்கும். அதுக்கு யாரும்மா அடிச்சுக்கறாங்க?" என்றாள். மறுத்துவிட்டாள். அதோடு பாஸ்வேர்டையும் மாற்றி, பதிவில் என் போன் நம்பருக்குப் பதில் பிரவுசிங் சென்டர் அக்காவின் நம்பரைக் கொடுத்தாள். என்னிடம் மறைக்கவில்லை. மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டே மாற்றினாள்.

அடுத்த சுற்றுக்கு அவள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த மத்தியானம், எதிரே போய் உட்கார்ந்தேன்.

"உங்கப்பா அப்படிச் சொல்லல. பார்த்துக்கன்னுதான் சொன்னார். மாத்தச் சொல்லல. நானா பண்ணினேன்."

பேனாவை வைத்தாள். "அப்ப ஏன் அப்படிச் சொன்னாரு?"

"நீ இங்க என்கூடதானே இருக்கணும். அவர் அங்க இருக்காரு. உன் கோவம் அங்கயே இருக்கட்டும்னு நெனச்சிருப்பாரு."

நோட்டை மூடினாள். "ரெண்டு பேரும் என்னை நல்லாப் பார்த்துக்கறீங்க" என்றாள். கிண்டலா என்று புரியவில்லை. பிறகு, "வேணாம்னு நேராவே சொல்லியிருக்கலாம்ல. நான் சண்டை போட்டிருப்பேன். அவ்வளவுதானே?" என்றாள்.

ஆமாம். அந்தச் சண்டைக்குத்தான் எனக்கு அப்போது தெம்பு இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாம் சுற்றில் சென்னையும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. புதுக்கோட்டை சாலைக் கல்லூரி கிடைத்தது. சேர்ந்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினோம். நான் டவுன் பஸ்ஸுக்கு நிற்பேன், அவள், ஊரெல்லாம் சுற்றிப் போவதால் விடிந்ததும் வந்துவிடும் கல்லூரி பஸ்ஸுக்குச் சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பாள். முதல் சில மாதம், என் பஸ் கிளம்பும்போது அவள் இந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். எப்போதிலிருந்து கையசைக்க ஆரம்பித்தாள் என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் அசைத்தாள், நானும் அசைத்தேன். அப்பாவோடு அவள் பேச இன்னும் அதிக நாள் ஆயிற்று. லீவில் வந்தபோது அவர் அவளிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் கொள்ளிடக் கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தார்கள். வந்ததும் காபி கேட்டார்கள்.

இப்போது அவள் மூன்றாம் வருடம். வகுப்பில் பத்துப் பதினைந்து பேர்தான், அதில் பெண்கள் இரண்டு பேர். மேத்ஸ் கஷ்டமாக இருக்கிறது என்பாள். மின்சார வண்டிகள் பற்றி ஒரு பாடம் பிடித்திருக்கிறது, அதை நடத்தும் ஆசிரியர் பாதியில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். சில நாள் கை முட்டி வரை கறையோடு வருவாள், சில நாள் முகத்தில் ஒன்றுமே தெரியாமல் வந்து படுத்துவிடுவாள். என்னாச்சு என்று கேட்டால், "டயர்டா இருக்கும்மா" என்பாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதும் எழுந்து அவளுக்குக் காபி போடப் போவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷத்துலேர்ந்து எங்க டிபார்ட்மெண்டுக்கு ஆள் எடுக்கலையாம்மா. மூடறாங்க" என்றாள்.

"அப்ப நீங்க?"

"நாங்க முடிச்சுட்டுப் போவோம். எங்களுக்கு அடுத்து ரெண்டு செட் இருக்கு. அவ்வளவுதான்." ஒரு வாய் சாப்பிட்டாள். "நான் அன்னிக்கு நீ போட்டதுலயே சேர்ந்திருக்கணும்னு நெனக்கிறியா?"

கல்லில் மாவு வேக ஆரம்பித்திருந்தது. அடுப்பைத் தணித்தேன்.

"இல்ல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். நான் நினைத்துக்கொண்டிருந்தது என்னால் போன அந்தச் சென்னைக் கல்லூரியைப் பற்றித்தான். அவள் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியாது. "இன்னொண்ணு முறுகலா ஊத்தும்மா" என்று தட்டை நீட்டினாள்.